புகைவடிகட்டி அடிக்கடி எரிவது ஏன்?

பிரிஞ்சாங்கைக் கடந்து கியா பார்ம், திரிங்காப், கோல தெர்லா, கம்போங் ராஜா என்று செல்லும் மலைச்சாலையில் பொழுது புலர்வதற்கு முன்பே ஓடத் தொடங்குவன பிக்-அப் வண்டிகள். முன்னாளில் இந்த வேலையைப் பெரும்பாலும் லேண்ட் ரோவர்களே செய்தன. இன்றும் அவற்றுட் சில, தகடு துருவேறிய நிலையிலும் முட்டைக்கோசுக் கூடைகளைச் சுமந்து திரிவதைக் காணலாம். இக்கட்டுரையில் கூறப்படும் நோய் அவற்றுக்கு வாராது. அந்நோய்க்கு இடமான உறுப்பே அவற்றில் இல்லை. புதிய டீசல் பிக்-அப்களுள் புகைவடிகட்டி பொருத்தியவற்றுக்கே அஃது உரியது.

நோயின் குறிகள் இவை: வண்டி நிற்கும்போது எஞ்சின் வழக்கத்தினும் சற்று விரைவாகச் சுழலும். சாவியைத் திருப்பி அணைத்த பின்னும் விசிறி ஓடிக்கொண்டிருக்கும். வண்டியின் அடியிலிருந்து சூட்டு நெடி எழும். அந்த நேரத்தில் டீசல் செலவு திடீரென ஏறும். சில வண்டிகளில் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கும் எரியும். இவை எப்போதாவது நிகழுமாயின் நோயல்ல. வடிகட்டி தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்கிறது என்பதற்கு அடையாளம். சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிகழவேண்டிய இச்செயல், ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிகழ்ந்தால்தான் கவலை கொள்ளவேண்டும். ஒவ்வொரு முறையும் வண்டியை ஓட்டுவதற்கன்றி வடிகட்டியைச் சூடாக்குவதற்கென்றே டீசல் செலவாகிறது. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10ஆம் நாள் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. அதன்பின் இச்செலவு சிறு தோட்டக்காரரின் கணக்கில் கண்ணுக்குத் தெரியலாயிற்று.

கரியும் நீறும்

வடிகட்டி எனின் துணியோ வலையோ என்று எண்ணவேண்டா. இது சுட்ட களிமண்ணின் இனத்தைச் சேர்ந்த ஒரு தேனடை. ஒரு சதுர அங்குலப் பரப்பில் இருநூறு முந்நூறு குழாய்கள் நெருங்கி நிற்கும். ஒரு குழாய்க்கு முன்வாய் திறந்து பின்வாய் அடைத்திருக்கும். அடுத்த குழாய்க்கு முன்வாய் அடைத்துப் பின்வாய் திறந்திருக்கும். ஆதலால் உள்ளே புகுந்த புகைக்கு நேர்வழி இல்லை. குழாயின் சுவரை ஊடுருவித்தான் அது வெளியேற இயலும். சுவரிலுள்ள நுண்துளைகளின் வழியே காற்று செல்லும்; கரித்துகள் தங்கிவிடும். நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேலான கரி இவ்வாறு பிடிபடுகிறது. 2000ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பெஜோ நிறுவனம் தன் 607 காரில் இதனைப் பெருமளவில் பொருத்தத் தொடங்கியது. பிற நாடுகள் பின்தொடர்ந்தன. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலை விதிகளால் டீசல் வண்டிகளில் இது பரவியது.

பிடித்த கரியை என்ன செய்வது? எரித்துவிட வேண்டும். விறகடுப்பில் சமைத்தவர்கள் இதனை முன்பே கண்டிருப்பர். பானையின் அடியில் திரண்ட கரி, கனல் மிகுந்த நேரத்தில் தானே பற்றிக்கொள்ள, சிறு பொறிகள் எறும்புச் சாரைபோல் ஊர்ந்து சென்று மறையும். அவை சென்ற தடத்தில் கரி இராது. வடிகட்டியினுள் நிகழ்வதும் இதுவே. ஆயினும் கரி தானே பற்றிக்கொள்ள 550 முதல் 600 பாகை வரை வெப்பம் வேண்டும். சாதாரண ஓட்டத்தில் டீசல் எஞ்சினின் புகைக்கு அவ்வளவு சூடு இல்லை.

எனவே இருவழிகள் வகுத்தனர். வண்டி பாரத்தோடு சீராக ஓடும்போது, புகையிலுள்ள நைட்ரஜன் டையாக்சைடு என்னும் வாயு 250 முதல் 400 பாகை வெப்பத்திலேயே கரியைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். ஓட்டுநருக்கு இது தெரியாது, செலவும் இல்லை. இது போதாதபோது எஞ்சினின் கணினி இரண்டாம் வழியை நாடும். உருளையில் எரிதல் முடியும் தறுவாயில் மேலும் சிறிது டீசலைப் பீச்சும். அந்த டீசல் எரியாமல் புகையோடு சென்று, வடிகட்டிக்கு முன்னுள்ள வினையூக்கியில் எரிந்து, வடிகட்டியைப் பழுக்கச் சூடாக்கும். பத்து முதல் இருபது நிமிடத்தில் வேலை முடியும்.

இச்செயலுக்குப் பட்டறையில் ‘ரீஜென்’ என்று பெயர். ‘மீளுருவாக்கம்’ என்று மொழிபெயர்ப்போர் உளர். சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்குச் சரியன்று. இங்கே எதுவும் மீண்டும் உருவாவதில்லை. இருந்த கரி எரிகிறது, அவ்வளவே. ‘கரியெரிப்பு’ என்றால் படியாதவர்க்கும் விளங்கும். இன்னொரு வேறுபாடும் மறத்தற்கில்லை. கரி வேறு, நீறு வேறு. கரி எரியும் பொருள். நீறு எரிந்து முடிந்த மிச்சம். எஞ்சின் எண்ணெயில் கலந்த கால்சியம், துத்தநாகம் முதலிய உலோகச் சேர்மங்கள் வடிகட்டியில் நீறாகத் தங்குகின்றன. எத்தனை முறை எரித்தாலும் நீறு போகாது. பட்டறையில் இரண்டையும் ‘அழுக்கு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் விளையும் குழப்பம் சிறிதன்று. நீறு நிரம்பிய வடிகட்டிக்குக் கரியெரிப்பு செய்து பணம் வாங்குவது, அடைபட்ட சாக்கடைக்குத் தீ மூட்டுவது போன்றது.

மலைச்சாலை செய்யும் வேலை

வண்டி அடிக்கடி கரியெரிப்புக்குப் போகிறது என்றால் முதலில் எழுப்பவேண்டிய வினா, எந்த உறுப்பு கெட்டது என்பதன்று. தொடங்கிய எரிப்பு முடிகிறதா என்பதே. பாதியில் எஞ்சினை அணைத்தால் பாதிக் கரி தங்கிவிடும். கணினி அதனைக் கணக்கில் வைத்திருந்து அடுத்த வாய்ப்பிலேயே மீண்டும் தொடங்கும். மீண்டும் அணைத்தால் மீண்டும் தொடங்கும். உறுப்புகள் யாவும் நலமாயிருந்தும் வண்டி நோயாளிபோல் நடந்துகொள்ளும்.

திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்து வண்டியின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். குளிர்ந்த விடியலில் எஞ்சினை முடுக்கி, பெட்டிகள் ஏறும்வரை அரைமணி நேரம் நின்றவாறே ஓடவிடுவர். நிற்கும் எஞ்சினின் புகைக்கு வெப்பம் மிகக் குறைவு. கரி சேர்வதன்றி எரிவதில்லை. பின்பு தோட்டத்திலிருந்து சேகரிப்பு நிலையத்துக்கு இரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து உரக்கடைக்கு ஒன்று. பள்ளி வாயிலுக்கு ஒன்று. எஞ்சின் சூடேறும் முன்னே ஒவ்வோர் ஓட்டமும் முடிந்துவிடும். விடுமுறை நாளில் கியா பார்மில் சுற்றுலா வண்டிகளின் நெரிசலில் நத்தைபோல் ஊர்வதும் இதனோடு சேரும். ஒரு வாரத்தில் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடினாலும் அதில் கரி எரிவதற்கேற்ற ஓட்டம் பத்து கிலோமீட்டர்கூட இராது.

“நெடுஞ்சாலையில் நீண்டதூரம் ஓட்டு, சரியாகிவிடும்” என்பது பொதுவாகச் சொல்லப்படும் மருந்து. சமவெளியில் அது பெரும்பாலும் பலிக்கும். மலையில் இருப்போர் இதனைச் சற்று ஆராய்ந்தே கொள்ளவேண்டும். கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்குச் செல்லும் சாலை ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்டது, நீண்ட ஓட்டம்தான். ஆயின் அஃது ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கும் சாலை. காய்கறிப் பாரத்தோடு இறங்கும் ஓட்டுநர் முடுக்கியிலிருந்து காலை எடுத்து, எஞ்சினையே தடையாகக் கொண்டு இறங்குவார். அப்போது கணினி டீசலை முற்றும் நிறுத்திவிடும். எஞ்சின் வெறுங்காற்றை இழுத்து வெறுங்காற்றையே தள்ளும். அந்தக் குளிர்ந்த காற்று வடிகட்டியின் சூட்டையும் தணித்துவிடும். பாரம் இருக்கும்போது எஞ்சினுக்கு வேலை இல்லை. வேலை இருக்கும்போது, அஃதாவது திரும்பி ஏறும்போது, வண்டியில் பாரம் இல்லை. இப்பகுதியின் வாணிகம் இவ்வாறு அமைந்துவிட்டது.

ஆயினும் வெறும் வண்டியாயிருந்தாலும் ஏற்றம் ஏற்றமே. நாற்பது ஐம்பது நிமிடம் சீராக ஏறும்போது புகையின் வெப்பம் கரியெரிப்புக்கு ஏற்றதாகும். அந்த ஏற்றத்தை வீணாக்காமை வேண்டும். மிக உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவிடாமல் ஒரு கியர் தாழ்த்தி ஏறலாம். எரிப்பு நடப்பது தெரிந்தால் வழியில் தேநீருக்கு நிறுத்துவதைக் கால்மணி நேரம் தள்ளிப்போடலாம். தேநீர் விளையும் மலைக்குத் திரும்புகிறவர்க்கு இஃது ஒரு பெரிய துறவன்று.

நடுவில் நிறுத்துவதில் இன்னோர் இடரும் உண்டு. கரி மிகுந்த வடிகட்டியில் எரிப்பு உச்சத்தில் இருக்கும்போது ஓட்டுநர் வண்டியைத் திடீரென நிறுத்தி எஞ்சினை மெல்ல ஓடவிட்டால், சூட்டை அள்ளிச் செல்லும் காற்றோட்டம் குறைகிறது. அதே வேளையில் புகையில் உயிர்வளியின் பங்கு மிகுகிறது. வெப்பம் கட்டுமீறிச் சென்று தேனடையில் விரிசல் காண்பதும் உண்டு. வறண்ட புல்லின்மீதோ, மழைக்காப்புப் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டியோ அந்நேரம் வண்டியை நிறுத்துவது எவ்வளவு தீங்கு என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எங்கிருந்து வருகிறது இவ்வளவு கரி?

எரிப்பு முறையாக முடிந்தும் விரைவில் மீண்டும் தொடங்குமாயின், கரி மிகுதியாக உண்டாகிறது என்று கொள்ளலாம். இங்கே பட்டறையில் கணினிக் கருவியை இணைத்து மூன்று எண்களைக் கேட்டு வாங்கவேண்டும்: கடைசி எரிப்புக்குப் பின் ஓடிய தூரம், சேர்ந்துள்ள கரியின் மதிப்பீடு, வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு. இவற்றைப் பார்க்காமல் உறுப்பை மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதிருப்பது நலம்.

மூன்றாம் எண் சிலவேளை பொய் சொல்லும். அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கு இரண்டு மெல்லிய குழாய்கள் செல்கின்றன. ஒன்று கரியால் அடைபட்டாலும், வெடித்துக் கசிந்தாலும், உள்ளே நீர் தங்கினாலும் அளவு பிழைபடும். வடிகட்டி தூயதாயிருந்தும் நிரம்பிவிட்டதாகக் கணினி மயங்கி எரிப்பைத் தொடங்கும். இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பிவைத்தால் காற்றோட்டமே இல்லை. வேறுபாடு சுழியாகக் காட்டவேண்டும். சுழி காட்டாவிடில் குற்றம் சென்சாரிலோ அதன் கம்பியிலோதான். சில வெள்ளிக் குழாய்க்காகச் சில ஆயிரம் வெள்ளி வடிகட்டியை மாற்றியோர் உலகெங்கும் உளர்.

அடுத்து, காற்றைப் பார்க்கவேண்டும். காற்றுக் குறைவே கரிக்குத் தாய். 1,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைவு. டர்போ அதனை ஈடுசெய்கிறது. ஆனால் டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாயில் சிறு வெடிப்பு இருந்தால், சமவெளி வண்டிக்குத் தெரியாத குறை மலைவண்டிக்குத் தெரியும். ஏற்றத்தில் சீழ்க்கை ஒலி, இழுவைக் குறைவு, மிகுந்த கரி ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அக்குழாயைத் தடவிப் பார்க்கலாம். காற்றுவடிகட்டி தூசியால் அடைபடுவதும் இதே பயனைத் தரும். புகையின் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு, கரிப்பசை பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டாலும் அவ்வாறே.

டீசலைப் பீச்சும் இஞ்செக்டர் தேய்ந்து சொட்டத் தொடங்கினால் டீசல் நன்கு எரியாது, கரியாகும். டர்போவின் அச்சில் எண்ணெய் கசிந்தால் அந்த எண்ணெய் கரியும் ஆகும், நீறும் ஆகும், இரட்டைக் கேடு. இவற்றினும் எளிதாக மறக்கப்படுவது தெர்மோஸ்டாட். அது திறந்தபடி நின்றுவிட்டால் எஞ்சின் தன் முறையான சூட்டை அடையாது. இரவில் பதினைந்து பாகையளவுக்குத் தணியும் இவ்வூர்க் குளிரில் குறை இரட்டிக்கும். முகப்பிலுள்ள வெப்பமுள் நடுவிடத்துக்கு வாராமல் கீழேயே தயங்கி நிற்பதை, “வண்டி குளிர்ச்சியாக ஓடுகிறது” என்று மகிழ்ந்து பேசுவோர் உண்டு.

அவ்வாறே மகிழ்ச்சிக்கு இடமற்ற இன்னொரு மகிழ்ச்சி, எண்ணெய்க் கோலில் அளவு கூடியிருப்பது. எஞ்சின் எண்ணெய் குறைவது இயல்பு; கூடுவது இயல்பன்று. கரியெரிப்புக்காகப் பின்னர்ப் பீச்சிய டீசலில் ஒரு பகுதி உருளைச் சுவர்வழி இறங்கி எண்ணெயோடு கலந்துவிடுகிறது. முடிவுபெறாத எரிப்புகள் மிகமிக, கலப்பும் மிகும். நீர்த்த எண்ணெய் தாங்கிகளைக் காப்பதில்லை. மிகவும் கூடினால் எஞ்சின் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு, சாவியை அணைத்தாலும் நில்லாமல் ஓடும் ஆபத்தும் உண்டு. கோலில் மேற்கோட்டைத் தாண்டியிருந்தால் குறித்த நாளுக்குக் காத்திராமல் எண்ணெயை மாற்றிவிட வேண்டும். நம் நாட்டு டீசலில் கலக்கும் செம்பனை எரிபொருள் இதில் இருமுகம் காட்டுகிறது. அதனால் கரி குறைவு; உண்டான கரியும் எளிதில் எரியும். ஆயின் அஃது எளிதில் ஆவியாகாதது. எண்ணெயில் கலந்தால் அங்கேயே தங்கிவிடும். கலப்பெரிபொருளைப் பழிப்போரும் புகழ்வோரும் ஒருமுகத்தையே பார்க்கின்றனர்.

டீசலின் கந்தகம் இப்போது பெரிய காரணமன்று. மலேசியாவில் 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் டீசலில் பத்து லட்சம் பங்கில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருத்தலாகாது. முன்பு 500 பங்குவரை இருந்தது. ஆனால் எண்ணெய் விஷயத்தில் கவனக்குறைவு மிகுதி. வடிகட்டியுள்ள சிறு டீசல் வண்டிக்கு நீறு குறைந்த எண்ணெய் வேண்டும், டப்பியின்மேல் டி.எல்-1 என்றோ சி-3 என்றோ குறித்திருக்கும். எது வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் உள்ளது. உழவு இயந்திரத்துக்கு வாங்கிய பீப்பாய் எண்ணெயையே பிக்-அப்புக்கும் ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றும். அதன் விலை சில ஆண்டு கழித்து நீறாக வந்து சேரும்.

உரிமையாளர் மட்டுமா பிழை செய்வார்?

மேற்கூறியவை யாவும் ஓட்டுநர்மீதும் பட்டறைமீதும் குறை காண்பன. உறுப்பின் அமைப்பே பிழையாவதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்பனையான டொயோட்டா ஹைலக்ஸ், பார்ச்சூனர், பிராடோ ஆகிய டீசல் வண்டிகள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றின் வடிகட்டி அமைப்பில் குறை உண்டு என்று 2022 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெண்புகை, கெட்ட நெடி, ஓயாத எச்சரிக்கை விளக்கு, மிகுந்த டீசல் செலவு என்று உரிமையாளர்கள் முறையிட்டிருந்தனர். வியப்பு என்னவெனில், மணிக்கு 100 கிலோமீட்டர் அளவில் இடைவிடாது ஓட்டும்போதே அக்குறை வெளிப்பட்டது. எல்லாரும் மருந்தாகச் சொல்லும் நெடுஞ்சாலை ஓட்டமே அவ்வண்டிகளுக்கு நோயாயிற்று! இழப்பீட்டு அளவு குறித்த வழக்கு 2023இல் மேல்முறையீட்டுக்கும், 2024இல் உயர்நீதிமன்றத்துக்கும் சென்றது. தன் வண்டிக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எரிப்பு நடந்தது என்று நாளும் தூரமும் குறித்து ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவருபவர், உத்தரவாதக் காலத்தில் வாய்ப்பேச்சுக்குப் பதில் அந்தக் குறிப்பேட்டை நீட்டலாம்.

இத்தனை தொல்லைக்கும் குறுக்குவழி ஒன்று பலர் காதில் ஓதப்படுகிறது: வடிகட்டியின் உள்ளே இருக்கும் தேனடையை இடித்து எடுத்துவிட்டு, கணினியின் கண்ணையும் கட்டிவிடுவது. செலவு குறைவு, விளக்கு எரியாது. ஆனால் உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று உறுதிசெய்து முதல் வகையில் சேர்த்தது. காலையில் மூடுபனியோடு புகையும் தங்கிநிற்கும் குறுகிய பள்ளத்தாக்கில், அவ்வண்டி பெரும்பாலும் நிற்கும் இடங்கள் எவை? பள்ளி வாயில், குடியிருப்பு வரிசை, கூடையோடு பெண்கள் காத்திருக்கும் மேடை. டீசல் எஞ்சின் புகையைக் கட்டுப்படுத்த 1996ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகள் இந்நாட்டில் உள்ளன. அவை இல்லாவிடினும் இது செய்யத்தக்க செயலன்று.

பழைய வண்டி வாங்குவோர் இதனை ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் கண்டுபிடிக்கலாம். வடிகட்டி நலமாயுள்ள வண்டியின் புகைக்குழாய் முனையை உட்புறம் துடைத்தால் துணி ஏறக்குறையத் தூயதாக இருக்கும். மைபோல் கரி அப்பினால், தேனடை இடிக்கப்பட்டிருக்கும். அன்றேல் விரிசல் கண்டிருக்கும்.

நெடுந்தூரம் ஓடிய வண்டியில், முழு எரிப்புக்குப் பின்னும் அழுத்த வேறுபாடு குறையாமல் நின்றால், அது நீறு நிரம்பியதன் அடையாளம். அப்போது வடிகட்டியைக் கழற்றி, அதற்கென்றே உள்ள உலையும் காற்றுப்பொறியும் கொண்டு நீற்றை அகற்றுவார்கள். புதியது வாங்குவதைவிடச் செலவு குறைவு. செடிக்கு மருந்தடிக்கும் பம்பைக் கொண்டு நீர் பாய்ச்சிக் கழுவ முயல்வது தேனடையைப் பாழாக்கும். தூய்மை செய்து மீண்டும் பொருத்திய பின், நீற்றின் கணக்கைக் கணினியில் சுழியாக்கும்படி பட்டறையில் கேட்கவேண்டும். அதனை மறந்தால், பழைய நீறு இன்னும் உள்ளேயே இருப்பதாக எண்ணி, தூய வடிகட்டியையும் கணினி முன்போலவே அடிக்கடி எரித்துக்கொண்டிருக்கும்.